குண்டு ஏன் அங்கே போனது? வேட்டைத் துப்பாக்கியின் குறியைச் சரிசெய்யும் வழி, அறிகுறி வாரியாக

அட்டையில் விழும் ஓட்டைகள் இரண்டு தனிச் செய்திகளைச் சொல்கின்றன. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது முதல் செய்தி. அந்தக் கொத்து நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இரண்டாவது. ஸ்கோப்பின் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியின்) குமிழ் இந்த இரண்டாவதை மட்டும்தான் திருத்தும். கொத்தே சேராத துப்பாக்கியில் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பது தோட்டாவுக்கும் நேரத்துக்கும் கேடு. மே மாதம் பிறந்து வேட்டைக்காலம் தொடங்கியதும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துச் சுடுதளங்களுக்குக் கிளம்பும் நம்மவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: முதலில் கொத்து, பிறகு இடம்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். திருகையும் தோட்டாவையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. ஒரே ஓட்டையைப் பார்த்துக் குமிழைத் தொடாதீர்கள். மூன்று குண்டாவது சுட்டு, அந்த மூன்றின் நடுவை அளந்து திருத்துங்கள். ஐந்து சுட்டால் இன்னும் நம்பலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. திருகு, கட்டை (குழலையும் இயந்திரத்தையும் தாங்கும் உடல்), ஸ்கோப் எதைத் தொடுவதானாலும் தோட்டாவை எடுத்து, போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் உருளையை) கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தொடுங்கள். ஒரு தோட்டா வழக்கத்தைவிடச் சன்னமான சத்தத்தோடு வெடித்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. குடியிருப்புப் பகுதியில் சுடுவது தென்னாப்பிரிக்கச் சட்டப்படி குற்றம். வீட்டுப் பின்புறத்தில் ஒரே ஒரு குண்டு என்ற எண்ணமே வேண்டாம்.

எந்தத் தூரத்துக்குக் குறி வைப்பது?

பிழை என்று நினைக்கும் பல விஷயங்கள் தவறான தூரத்துக்குக் குறி வைத்ததால் வருபவை. லிம்போபோவின் புதர்க்காட்டில் இம்பாலாவும் காட்டுப்பன்றியும் 60, 80 மீட்டரில் தென்படும். கரூவின் வெட்டவெளியிலோ ஸ்பிரிங்பாக் 200 மீட்டருக்குள் நெருங்க விடுவது அரிது. ஒரே துப்பாக்கியை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோகலாம், ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

.308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையை எடுத்துக்கொள்வோம். 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, நொடிக்கு 860 மீட்டர் வேகம், ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு 4 செ.மீ. மேலே. 100 மீட்டருக்குச் சரியாக வைத்தால் 50 மீட்டரில் வித்தியாசம் இல்லாத மாதிரியே இருக்கும். 200 மீட்டரில் சுமார் 12 செ.மீ. கீழே போகும், 300 மீட்டரில் 44 செ.மீ. கீழே. இதையே 200 மீட்டருக்கு வைத்தால் 50-இல் 3 செ.மீ. மேலே, 100-இல் 6 செ.மீ. மேலே, 300-இல் 25 செ.மீ. கீழே. உங்கள் தோட்டாவின் எடையும் வேகமும் வேறென்றால் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

புதர்க்காட்டுக்கு 100 மீட்டர் போதும். கரூவுக்கு 200 மீட்டர் குறிதான் என் தேர்வு. ஸ்பிரிங்பாக்கின் நெஞ்சில் உயிர்நிலை ஒரு சிறு சாப்பாட்டுத் தட்டளவுதான், 6 செ.மீ. மேலே போனாலும் அதற்குள் விழும். 300 மீட்டரில் 25 செ.மீ. இறங்கினால் அது காலை உடைக்கும், விலங்கு ஓடிப்போய்ப் புதருக்குள் வதைபடும். அந்தத் தூரத்துக்குத் தாளில் சுட்டுப் பார்க்காதவர் அங்கே விசையைத் தொடக்கூடாது.

அறிகுறி: அட்டையிலேயே விழவில்லை

புதிதாக ஸ்கோப் மாட்டியதும் நேரே 100 மீட்டருக்குப் போவதால் வருவது. 25 மீட்டரில் பெரிய அட்டை ஒன்றை வையுங்கள். போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை மணல் மூட்டைகளின் மேல் அசையாமல் நிறுத்தி, பின்னாலிருந்து குழல் வழியாகப் பார்த்து நடுப்புள்ளியைக் குழலின் வட்டத்துக்கு நடுவில் கொண்டுவாருங்கள். துப்பாக்கி நகராமல், குமிழைத் திருப்பிக் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்கு நகர்த்துங்கள். பிறகு ஒரு குண்டு சுட்டால் அட்டையில் எங்காவது விழும்.

இங்கே பலர் சறுக்குவது கிளிக் கணக்கில், அதாவது குமிழ் ஒரு படி திரும்பினால் எவ்வளவு நகரும் என்பதில். கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கான கோணம் ஒரு எம்.ஓ.ஏ.) குமிழ் என்றால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்த்தும், 25 மீட்டரில் 2 மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. ஆகவே 25 மீட்டரில் 4 செ.மீ. நகர்த்த 22 கிளிக் வேண்டும். பத்தில் ஒரு மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) குமிழ் என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக் சரியாக 1 செ.மீ. மீட்டரில் அளக்கும் நமக்கு மில் குமிழ்தான் கணக்குக்கு எளிது.

மேலே சொன்ன .308 தோட்டாவுக்கு, 25 மீட்டரில் குண்டு நடுப்புள்ளிக்கு ஒன்றரை முதல் 2 செ.மீ. கீழே விழுந்தால் 100 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். 25 மீட்டரில் புள்ளியிலேயே விழும்படி வைத்தால் 100-இல் 6 செ.மீ. மேலே போய் 200 மீட்டர் அளவில் மறுபடி நடுவுக்கு வரும். வசதியான தொடக்கம்தான், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 25 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பிழை 200 மீட்டரில் 8 மில்லிமீட்டர் ஆகும்.

அறிகுறி: குமிழைத் திருப்பினால் தப்புப் பக்கம் போகிறது, அல்லது போகவே இல்லை

குமிழின் மேல் உள்ள அம்புக்குறி குண்டு போகவேண்டிய திசையைக் காட்டுவது, குறுக்குக்கோடு நகரும் திசையை அன்று. சில ஸ்கோப்கள் வலஞ்சுழியாகத் திருப்பினால் மேலே ஏற்றும், சில இறக்கும். பழைய ஸ்கோப்பின் பழக்கத்தில் கை தானாகத் திரும்பிவிடுவதே பெரும்பாலும் காரணம். அம்பைப் படித்துவிட்டுத் திருப்புங்கள்.

கிளிக் கேட்கிறது, குண்டு நகரவில்லை, இரண்டு குண்டு கழித்துத் திடீரென்று தாவுகிறது என்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சந்தேகம் தீர்க்கப் பெட்டிச் சோதனை செய்யுங்கள். எப்போதும் ஒரே புள்ளியைக் குறிபார்த்து: ஒரு குண்டு சுட்டு 20 கிளிக் மேலே, ஒரு குண்டு, 20 வலம், ஒரு குண்டு, 20 கீழே, ஒரு குண்டு, 20 இடம், கடைசி குண்டு. நாலு மூலையும் சதுரமாக அமைந்து கடைசிக் குண்டு முதல் ஓட்டையின் பக்கத்தில் விழுந்தால் ஸ்கோப்புக்குக் குறையில்லை. சதுரம் கோணினால், அல்லது கடைசிக் குண்டு ஊர் மாறிப் போனால், ஸ்கோப்பை மாற்றுங்கள். துப்பாக்கி கொத்துச் சேர்ப்பதைவிடச் சின்னப் பிழையை இந்தச் சோதனை காட்டாது.

குமிழ் ஒரு பக்கத்தின் கடைசிக்கே போய் நின்றுவிட்டால் குற்றம் ஸ்கோப்பில் இல்லை, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களும் அவற்றைத் தாங்கும் அடித்தகடும் நேராக இல்லை. குமிழை மொத்த ஓட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, அடித்தகட்டை மறுபடி மாட்டுங்கள். முன், பின் தகடுகள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு.

அறிகுறி: கொத்தே சேரவில்லை, 100 மீட்டரில் 10 செ.மீ. சிதறுகிறது

நல்ல வேட்டைத் துப்பாக்கி 100 மீட்டரில் மூன்று குண்டை 3 முதல் 4 செ.மீ.க்குள் போடும். அதற்கு மேல் சிதறினால் கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள். காசு செலவில்லாதது முதலில்.

சுடும் நிலைதான் முதல் சந்தேகம். முன்கட்டையின் அடியில் மணல் மூட்டை இருக்க வேண்டும். மரப் பலகையிலோ இரும்பிலோ குழலைச் சாய்த்துச் சுட்டால் துப்பாக்கி எம்பும், குண்டு மேலே போகும். பின்கட்டையின் அடியிலும் ஒரு சிறு மூட்டை வேண்டும், அதைக் கையால் அமுக்கி உயரத்தைச் சரிசெய்யுங்கள். கழுத்து வலிக்கும்படி உட்கார்ந்தால் கொத்து சேராது.

இரண்டாவது திருகுகள். உள்ளங்கையால் ஸ்கோப்பை மெல்ல அசைத்துப் பார்ப்பது போதாது, டார்க் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். அடித்தகட்டுத் திருகு சுமார் 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல், வளையத்தின் மேல்மூடி சுமார் 1.7 முதல் 2, கட்டையையும் இயந்திரத்தையும் சேர்க்கும் பெரிய திருகுகள் மரக்கட்டையில் 4.5 அளவு, அலுமினியத் தூண் பதித்த கட்டையில் 7 வரை. தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அவர் சொல்வதே சரி. திருகைப் பூட்டுமுன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், அடித்தகட்டுக்கு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். வளையத்தைப் பலமாக முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளே கிளிக் சிக்கும், அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

மூன்றாவது தோட்டா. ஒரு பெட்டியில் பாதி, இன்னொரு பெட்டியில் மீதி என்று கலந்து சுட்டால் கொத்து சேராததில் வியப்பில்லை. 150 கிரெய்னும் 180 கிரெய்னும் 100 மீட்டரிலேயே வெவ்வேறு இடத்தில் விழும், பக்கவாட்டிலும் விலகும். ஒரே தயாரிப்பாளர், ஒரே எடை, பெட்டியில் அச்சிட்ட ஒரே தொகுதி எண் பார்த்து வாங்குங்கள். சாதாரண உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்த அளவுக்குள் ஒரே தொகுதியில் வாங்கினால் குறிவைக்கவும் ஒரு வேட்டைக்காலம் முழுவதற்கும் தாராளமாகப் போதும். சில குழல்களுக்குச் சில தோட்டாக்கள் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு மூன்று வகை சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

நான்காவது சைலன்சர். இந்த நாட்டில் பண்ணை வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் பொருத்தியிருக்கிறார்கள். அது சூட்டில் தளரும். ஐந்து குண்டுக்கு ஒரு தடவை, ஆறவிட்டு, முறுக்கிப் பாருங்கள். சைலன்சரோடு வைத்த குறி அதைக் கழற்றினால் செல்லாது, பல செ.மீ. மாறும். அதன் வாயில் உரசல் தடம் தெரிந்தால் சுடுவதை அங்கேயே நிறுத்தித் துப்பாக்கிக் கொல்லரிடம் காட்டுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் குழலைச் சந்தேகியுங்கள். செம்புப் படிவு சேர்ந்த குழல் மெல்ல மெல்லச் சிதறத் தொடங்கும். செம்பைக் கரைக்கும் திரவம் போட்டு, துணி நீலமாக வருவது நிற்கும் வரை துடையுங்கள். குழல்வாயின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் கொத்து கெடும். பஞ்சை அந்த விளிம்பில் சுற்றி இழுத்தால் நூல் சிக்கும் இடத்தில் வெட்டு இருக்கிறது.

அறிகுறி: முதல் குண்டு தனியே, மற்றவை ஒன்றாக

எண்ணெய் பூசி வைத்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு விலகும். சுடுமுன் காய்ந்த துணியால் குழலைத் துடையுங்கள், எண்ணெய் விலகல் போய்விடும். துடைத்த பிறகும் ஆறிய குழலின் முதல் குண்டு எப்போதும் ஒரே பக்கம் விலகினால் அதைப் பிழையாக நினைக்காதீர்கள். காட்டில் நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான். மூன்று வெவ்வேறு நாள்களில் ஆறிய குழலிலிருந்து ஒவ்வொரு குண்டு ஒரே அட்டையில் சுட்டு, அந்த மூன்றின் நடுவுக்குக் குறியை வையுங்கள்.

அறிகுறி: சூடேறச் சூடேறக் குண்டு ஒரே திசையில் நடக்கிறது

முதல் இரண்டு சேர்கின்றன, மூன்றாவது மேலே, நான்காவது இன்னும் மேலே, அல்லது கோணலாக. குழல் சூட்டில் விரிந்து முன்கட்டையை எங்கோ தொடுகிறது என்பதே இதன் பொருள். ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் நுழைத்து இயந்திரம் வரை இழுத்துப் பாருங்கள். நடுவில் சிக்கினால் அங்கே தொடுகிறது.

மரக்கட்டை போட்ட பழைய மவுசர், மஸ்கிரேவ் துப்பாக்கிகளில் இது அதிகம், நம் நாட்டின் தட்பவெப்பம் அதற்குத் துணை போகிறது. டர்பன் கடற்கரையின் ஈரக்காற்றில் மரம் ஊறும், கரூவின் வறட்சியில் சுருங்கும். பிப்ரவரியில் டர்பனில் குறிவைத்த மரக்கட்டைத் துப்பாக்கி ஜூலையில் கரூவில் வேறு இடத்தில் போடுவது இயல்பு. கட்டையின் உட்புறத்தையும் வார்னிஷ் பூசி அடைத்தால் ஈரம் ஏறுவது குறையும். தொடும் இடத்தைத் தேய்த்து விலக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சில துப்பாக்கிகளில் முன்கட்டையின் நுனியில் குழலைத் தாங்கும் மேடு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். அதைத் தேய்த்தெடுத்தால் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி கெடும். நுனியில் மட்டும் தொட்டு மற்ற இடமெல்லாம் விலகியிருந்தால் தேய்க்குமுன் தெரிந்தவரைக் கேளுங்கள்.

குறிவைக்கும்போது மூன்று குண்டுக்கு ஒரு முறை, போல்ட்டைத் திறந்து நிழலில் வைத்து, பத்து நிமிடம் விடுங்கள். குழலைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடிகிறது என்றால் தொடரலாம்.

அறிகுறி: இடவலமாகப் பரவுகிறது

காற்று. மணிக்கு 15 கி.மீ. குறுக்குக்காற்று, மேலே சொன்ன தோட்டாவை 100 மீட்டரில் 2, 3 செ.மீ. தள்ளும், 200-இல் சுமார் 10, 300-இல் 20-க்கும் மேல். காற்றுள்ள மத்தியானத்தில் பக்கவாட்டுக் குமிழைத் தொடாதீர்கள், விடிகாலையில் வாருங்கள். காற்றே இல்லாமல் பரவினால் விசையை விரலின் மடிப்பால் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள், அல்லது கண் ஸ்கோப்பின் நடுவில் நிற்கவில்லை. துப்பாக்கியை மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு புள்ளியை விட்டு நகர்ந்தால் அது பாரலாக்ஸ். பக்கக் குமிழ் இருந்தால் திருத்துங்கள், இல்லாவிட்டால் கன்னம் கட்டையில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படிய வேண்டும்.

அறிகுறி: 100-இல் அச்சொட்டாக, 200-லும் 300-லும் தப்பு

கணக்கிட்டதைவிடக் கீழே விழுந்தால் உங்கள் தோட்டாவின் உண்மையான வேகம் பெட்டியில் எழுதியதைவிடக் குறைவு என்று அர்த்தம். குட்டைக் குழலில் இது வழக்கம். பெட்டி அட்டவணையை நம்பாமல் 200-லும் 300-லும் நேரில் சுட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தூரமானி யார்டில் இருக்கிறதா, மீட்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 300 யார்டு என்பது 274 மீட்டர்தான், அந்தக் குழப்பம் மட்டுமே 10 செ.மீ. தின்னும்.

குறுக்குக்கோட்டில் உள்ள கீழ்க்கோடுகளை வைத்துச் சுடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்களில் அந்தக் கோடுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சொன்ன அளவைக் காட்டும், அது வழக்கமாக உச்சப் பெருக்கம். பெருக்கத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு கோடும் இரட்டிப்பு அளவு காட்டும். மில் கோடும் எம்.ஓ.ஏ. குமிழும் ஒரே ஸ்கோப்பில் இருந்தால் 1 மில் என்பது 3.44 எம்.ஓ.ஏ. என்பதை மறக்காதீர்கள்.

தூரம் கூடக்கூட ஒரே பக்கம் விலகினால் குறுக்குக்கோடு சாய்ந்திருக்கிறது. 100 மீட்டரில் குறிவைத்து 300-க்குக் குமிழ் ஏற்றும்போது 5 டிகிரி சாய்வு சுமார் 4 செ.மீ. ஒதுக்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தூரத்தில் தொங்கவிட்டு, ரசமட்டத்தால் துப்பாக்கியை நேராக்கி, செங்குத்துக்கோட்டை அந்த நூலோடு ஒட்டவைத்து வளையத்தைப் பூட்டுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் உயரத்தில் காற்று மெலிவு, அதனால்தான் தப்புகிறது என்று பலர் சொல்வார்கள். டர்பன் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் ஏறினால் 300 மீட்டரில் வித்தியாசம் 2 செ.மீ. அளவுதான். 10 செ.மீ. தப்புக்கு உயரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். டிராகன்ஸ்பர்க் சரிவுகளில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சுடுவதுதான் வேறு கதை: 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்றால் 260 மீட்டருக்குச் சுடுவதுபோல் சுட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் குண்டு மேலேதான் போகும்.

ஸ்கோப் இல்லாத துப்பாக்கிக்கு

பின்குறியைக் குண்டு போகவேண்டிய திசையில் நகர்த்துங்கள், முன்குறியை எதிர்த்திசையில். எவ்வளவு என்பதற்குக் கணக்கு: விலகல் பெருக்கல் இரண்டு குறிகளுக்கும் இடையிலான தூரம், வகுத்தல் சுடும் தூரம். 100 மீட்டரில் 10 செ.மீ. வலம் போகிறது, குறிகளுக்கு நடுவே 50 செ.மீ. என்றால் பின்குறியை அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் தட்ட வேண்டும். பித்தளைக் கோலால் தட்டுங்கள், தட்டுமுன் பென்சிலால் பழைய இடத்தைக் குறித்துவையுங்கள்.

அறிகுறி: சுடுதளத்தில் சரி, பண்ணையில் தப்பு

பக்கி (பிக்கப்) வண்டியில் சரளைப் பாதையில் பல மணி நேரம் குலுங்கிப் போன துப்பாக்கியை மறுபடி பார்க்காமல் சுடுவதே காரணம். துப்பாக்கியை மெத்தென்ற உறையில், ஸ்கோப் மேல்நோக்கி இருக்க, மேலே எதையும் அடுக்காமல் கொண்டுபோங்கள். திருகுத் தலைகளில் நகப்பூச்சால் சிறு கோடு இழுத்து வைத்தால் திருகு நகர்ந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும். சுடுதளத்தில் மணல் மூட்டை, பண்ணையில் மூன்று கால் கோல்: அந்த மாற்றமும் குண்டை நகர்த்தும், ஆகவே கோலில் வைத்தும் நாலு குண்டு பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

பண்ணைக்கு வந்ததும் வேட்டைக்கு முன் அட்டையில் சுட்டுக் காட்டச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கேட்காவிட்டாலும் நீங்களே கேளுங்கள். ஆறிய குழல், வேட்டைக்கு எடுத்துவந்த அதே தோட்டா, 100 மீட்டர், இரண்டு குண்டு. 200 மீட்டருக்குக் குறிவைத்த துப்பாக்கி 6 செ.மீ. மேலே போட வேண்டும். அதிலிருந்து 3 செ.மீ.க்குள் விழுந்தால் குமிழைத் தொடாமல் மூடியைப் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் விலகினால் முதலில் திருகுகளைப் பாருங்கள், இன்னும் மூன்று குண்டு சுட்டுக் கொத்தைப் பாருங்கள், அதன் பிறகே கிளிக்.